மனசுக்குப் பிடித்தவருக்குப் பறவை காட்டுவது எப்படி

"சித்தி, ஒண்டு கேக்கிறன், அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று ஒரு குரல்செய்தி தொடங்கினால் அது பெடியன் விஷயம்தான். என் பெறாமகளுக்குப் பதினைந்து வயது. கடலோர வெறும் வெளியான தரவையில் உப்புக்கொத்தி என்கிற சின்னப் பறவை முட்டையிட்டிருப்பதைக் கண்டிருக்கிறாள். கண்டவள் பேசாமல் இருந்திருக்கலாம். ரியூசனில் ஒருவனிடம் சொல்லிவிட்டாள். "எனக்கும் காட்டுவீரோ?" என்று அவன் கேட்டிருக்கிறான். அவன் அதைக் கேட்ட விதத்தை ஒரே செய்தியில் மூன்று தரம் எனக்குச் சொல்லிக் காட்டினாள். கடைசியில்தான் கேள்வி வந்தது: காட்டட்டோ, விடட்டோ?

நான் பதினொரு நிமிடம் பதில் பேசி அனுப்பினேன். "சித்தி, இதை எழுதித் தாங்கோ, கேக்க ஏலாது, அம்மா பக்கத்திலை நிக்கிறா" என்றாள். அதுதான் இது. வாசிக்கிற எல்லாப் பெறாமக்களையும் 'நீ' என்றே கூப்பிடுகிறேன், குறை நினைக்காதே.

நான் பறவை படித்தவள் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வழுக்கையாறு கடலில் சேருகிற பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஊர்ப் பெயரைக் கேட்காதே. ஏன் சொல்லமாட்டேன் என்பது போகப் போக விளங்கும்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்

2011 தை மாதம். எனக்கும் அப்போது பதினைந்து. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனங்கூடல். அதைத் தாண்டினால் தரவை, தரவைக்கு அப்பால் ஆழமில்லாத பரவைக்கடல். மாரிமழை முடிந்து முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளம் அந்தத் தரவையில் இருந்தது. விடியற்காலையில் அங்கே ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் வந்து நிற்கும். அந்தப் பெயர்கள் பிறகு அறிந்தவை. அப்போது எனக்கு அவை 'நீளவாலர்', 'நீளமூக்கர்'. கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் நாளும் எண்ணிக்கையும் எழுதி வைப்பேன். ஒரு நாள் 412 வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் வெளியே நின்றேன். ஏன் பிந்தியது என்று ரீச்சர் கேட்டபோது சைக்கிள் காத்துப் போனது என்றேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லாத இடம் அது.

இரண்டு வீடு தள்ளி, மாமி வீட்டில் தங்கி உயர்தரம் படிக்க ஒருவன் வந்திருந்தான். வல்வெட்டித்துறைப் பெடியன். அந்த ஊரில் தைப்பொங்கலன்று கடற்கரையில் பெரிய பட்டப் போட்டி நடக்கும் என்பது உனக்குத் தெரியும். அங்கே பிறந்தவனுக்குப் பட்டம் கட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? மூங்கிலைப் பிளந்து, விரலில் வைத்து எடை பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும்வரை சீவிக்கொண்டே இருப்பான். முச்சை கட்டும்போது நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொள்வான். வேலி ஓட்டைக்குள்ளால் நான் பார்த்தது பட்டத்தை மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்க, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் அவனாகவே கதைத்தான். "உங்கை கம்பி இல்லாத, பனை இல்லாத வெளி எங்கையாவது தெரியுமோ? வாடைக்கு நல்லா ஏத்தலாம்." எனக்குத் தெரிந்த வெளி ஒன்றுதான். சொன்னேன். சொல்லி முடிக்க முதலே வயிற்றுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் சொன்னேன். "கொக்குக் கட்டட்டோ, பிராந்து கட்டட்டோ?" என்றான். எனக்குப் பிராந்து பிடிக்கும். "பிராந்து" என்றேன். அந்தச் செங்கபில நிற வேட்டைப் பறவை பள்ளத்துக்கு மேலே வந்தால் கீழே நிற்கிற அத்தனையும் என்ன செய்யும் என்று நூறு தரம் பார்த்தவள் நான். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தும் நான்தான் தள்ளி வைத்தேனோ தெரியாது.

பொங்கலன்று காலை பட்டம் ஏறியது. ஆளுயரம். தலைப்பக்கத்தில் விண் பூட்டியிருந்தான். நல்ல காற்றில் விண் கூவத் தொடங்கினால் ஊருக்கே கேட்கும். பள்ளத்தில் நின்ற பறவைகள் மேய்வதை நிறுத்தின. எல்லாத் தலையும் நிமிர்ந்தன. பிறகு ஒரு விரிப்பை உதறினது போல எழும்பின. சுற்றி வந்து இறங்கின. திரும்ப எழும்பின. மூன்றாம் தரமும் இறங்கப் பார்த்தன. நாலாம் தரம் தீவுப் பக்கம் போய்விட்டன. அந்த நேரம் பார்த்து அவன் "பிடியும்" என்று நூலை என் கையில் தந்தான். அந்த இழுவை இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டத்தையா, பறவைகளையா என்று கேட்டால் இரண்டையும்தான். சிரித்துக்கொண்டும் நின்றேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவன் எட்டுப் பேரோடு வந்தான். இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு பெட்டி வெடி. மாசி கடைசிவரைக்கும் என் கொப்பியில் பூச்சியம்தான்.

ஏன் இது சின்ன விஷயம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் நம்மிடம் கூட்டமாக நிற்கிறவை பெரும்பாலும் வடக்கே மத்திய ஆசியாவிலும் அதற்கும் அப்பால் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. பங்குனி சித்திரையில் திரும்பிப் பறக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கான கொழுப்பை இங்கேதான், நம் சேற்றில்தான் சேர்க்கின்றன. சும்மா ஒரு தரம் எழும்பிச் சுற்றினால் அது சேர்த்ததில் இருந்துதான் போகும், தின்னுகிற நேரமும் போகும். உண்மையான பிராந்து வந்து போய்விடும். பட்டம் போகாது, தலைக்கு மேலே அங்கேயே நிற்கும். அதோடு கூவவும் செய்யும்.

காட்டுகிற இடமும் காட்டாத இடமும்

உன் தலைக்குள் இரண்டு பட்டியல் வேண்டும். எழுதாதே, கொப்பியை அம்மா எடுத்துப் பார்ப்பா.

ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுப் பக்கம் போகிற பண்ணை வீதி. பருத்தித்துறை போகிற வழியில் வல்லைவெளி. தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு, பெயரிலேயே குருவி இருக்கிறது. வீட்டில் வான் பிடித்துப் போகிற அளவுக்கு வசதி வந்தால் சுண்டிக்குளம். 1938இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். இங்கெல்லாம் பறவை மனிதனைக் கண்டு பழகியிருக்கும், இல்லாவிட்டால் நீ வீதியிலேயே நிற்கவேண்டி இருக்கும். யாரையும் கூட்டிப் போகலாம்.

மற்றது, உனக்கு மட்டும் தெரிந்த இடங்கள். பள்ளம், கூடு, இரவில் வந்து அடைகிற கண்டல்மரம். இதில் கூடு இருக்கிற இடத்தை யாருக்கும் காட்டாதே. பெடியனுக்கு மட்டும் இல்லை, உயிர்ச் சிநேகிதிக்கும்தான். எனக்கும் காட்டாதே. நான் கேட்டேனா? கேட்கவில்லையே.

உப்புக்கொத்தியும் ஆட்காட்டியும் பவளக்கால் உள்ளானும் ஆலாவும் வெறும் நிலத்தில்தான் முட்டையிடும். மரமும் இல்லை, மறைப்பும் இல்லை. ஒரு மாட்டுக் குளம்படி அளவு பள்ளம், நாலு சிப்பித் துண்டு, அவ்வளவுதான் வீடு. முட்டையும் மண்ணின் நிறத்தில் இருக்கும். அதற்கு அதுதான் காவல். மனிதர் நடமாட நடமாட அந்தக் காவல் போய்விடும். நீ குனிந்து பார்த்த இடத்தைக் காகம் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நீ போனதும் அது இறங்கும். ஊர் நாய் உன் மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். காகமும் நாயும் வராவிட்டாலும் வெயில் இருக்கிறது. தாய் எழும்பி நின்றால் ஆனி மாத வெயிலில் முட்டை அவிந்துவிடும். வெக்கை கூடின நேரத்தில் ஆட்காட்டி தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேலே நிற்கும். குளிர வைக்கத்தான். நீங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று கதைக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பறவை தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும். உங்களுக்கு அது ஏதோ பின்னணி இசை மாதிரி இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டில் ஒரு சில பறவைகள் தவிர மற்றவற்றின் முட்டையையும் கூட்டையும் எடுப்பது குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டி யாரையும் பயப்படுத்தாதே, அழகாக இருக்காது.

உன் உப்புக்கொத்தியைப் பற்றி ஒரு விஷயம், அவனிடம் சொல்லலாம், சொல்லிப் பார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிற இந்தச் சின்ன உப்புக்கொத்தி தனி இனம் என்று 2023இல்தான் உறுதிப்படுத்தினார்கள். அதற்கு அனுமன் பெயரை வைத்திருக்கிறார்கள், இரு கரையிலும் இருக்கிறபடியால். குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, கடல் தாண்டின அனுமன் பெயர். நான் அதை வாசித்த இரவு நித்திரை கொள்ளவில்லை. சின்ன வயதில் கணக்கில் எடுக்காமல் 'மற்றவை' என்று எழுதிவிட்ட பறவை அது.

முதல் தடவை

அவனுக்குப் பறவை காட்ட ஆசையாக இருக்கிறதா, நல்லது. பண்ணை வீதிக்குக் கூட்டிப் போ. ஒளித்துப் போகாதே. அம்மாவிடம் "சிநேகிதிகளோடை குருவி பாக்கப் போறன்" என்று சொல்லி, உண்மையாகவே ஒரு சிநேகிதியையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போ. நம் ஊரில் ஒரு பெட்டையும் பெடியனும் தனியாக வெளிப்பக்கம் போனால் வீடு வந்து சேர முதல் கதை வந்து சேர்ந்துவிடும். அது மட்டும் இல்லை, தனி வெளி யாருக்கும் பாதுகாப்பான இடம் இல்லை. தெரியாத தரவைகளில் சுரி இருக்கும், கால் புதைந்தால் எடுக்க ஆள் வேண்டும். முகமாலை பக்கம் போனால் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகைக்கு அங்காலே ஒரு அடியும் வைக்காதே, எந்தப் பறவைக்காகவும்.

காலை ஆறரைக்கு வெளிக்கிடு. யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுப் பக்கமாகப் போனால் அந்த நேரம் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் வடிவாகத் தெரியும். மாலையில் அதே வழியில் போனால் எல்லாம் கறுப்பு உருவம்தான். ஆனி ஆடியில் வடக்கே இருந்து வருகிற பறவைகள் குறைவு, கொக்கும் ஆலாவும் பவளக்காலும் நிற்கும். பெரிய கூட்டமும் பூநாரையும் பார்க்க மழைக்குப் பிறகு போகவேண்டும்.

உடுப்பு மண் நிறமாக இருக்கட்டும். பள்ளிக்கூடச் சீருடையோடு போய் நின்று "ஒண்டும் நிக்கேல்லை" என்று சொல்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வெள்ளைச் சட்டை வெளிக்குள் அரைக் கிலோமீற்றரில் தெரியும். புதுச் சுடிதார் போட ஆசை வரும். விளங்குது. பச்சையில் இருந்தால் போடு.

தொலைநோக்கி இருந்தால் எட்டு மடங்கு போதும், பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், அவன் பக்கத்தில் நிற்கும்போது எப்படியும் நடுங்கும். இல்லாவிட்டால் வெறும் கண்ணே போதும். ஒன்றை இரண்டு பேர் மாறி மாறி வைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

பறவையையும் பார், அவனையும் பார்

கிட்டப் போகிறது எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். மீற்றர்க் கணக்கு சொல்லமாட்டேன், பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தால், நின்றுவிடு. இரண்டு மூன்று சேர்ந்து தலை தூக்கினால் பின்னுக்கு வா. எழும்பிவிட்டதென்றால் நீ ஏற்கெனவே பிழை விட்டாய். ஆட்காட்டி கத்தினால் வெளி முழுக்கத் தெரிந்துவிடும், அந்தப் பெயரே அதற்கு அதனால்தான். ஒரு பறவை இறகு முறிந்தது போல இழுத்து இழுத்து உனக்கு முன்னால் ஓடினால், பாவம் என்று பின்னால் போகாதே, சந்தோஷப்படவும் வேண்டாம். கிட்ட எங்கேயோ அதன் கூடோ குஞ்சோ இருக்கிறது. உன்னை அங்கிருந்து அகற்றத்தான் அந்த நடிப்பு. வந்த அடியிலேயே காலை வைத்துத் திரும்பிப் போ.

இப்போது அவனைப் பார். இதைத்தான் உனக்கு ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள்.

குரலைத் தானாகத் தாழ்த்துகிறானா? நீ நின்றதும் நிற்கிறானா, இல்லை "இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் என்ன" என்கிறானா? ஒரு பறவையை எவ்வளவு நேரம் பார்க்கிறான்? ஃபோனை எப்போது எடுக்கிறான், பார்த்த பிறகா, பார்க்க முதலா? படம் எடுத்தால் உடனே போடுகிறானா? ஃபோன் படத்தில் எடுத்த இடமும் ஒட்டிக்கொண்டு போகும் என்று சொல்லி, கமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்திக் காட்டு. "ஓ, அப்பிடியோ" என்று உடனே நிறுத்துகிறவன் ஒரு வகை. "ஆர் உதைப் பாக்கப் போயினம்" என்று சிரிக்கிறவன் இன்னொரு வகை.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பறவைக்கும் பெயர் தெரிந்தவன் நல்லவன் என்று நினைத்துவிடாதே. பெயரைப் புத்தகத்தில் படிக்கலாம். பிற்காலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், இருநூறு பறவைக்குப் பெயர் சொல்வார். பவளக்கால் எழும்பிப் பறக்கிற படம் வேண்டும் என்று கல் எடுத்து எறிந்தார். அதே நேரம் ஒன்றும் தெரியாமல் "அந்தச் சிவப்புக் கால்காரர் ஏன் ஒற்றைக் காலிலை நிக்கிறார்?" என்று கேட்கிறவனைக் கொஞ்சம் கூடக் கவனி.

இல்லை என்று சொல்வது

இதுதான் கஷ்டம், ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

அதே 2011, ஆனி மாதம். பள்ளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மாட்டுக் குளம்படிக்குள் மூன்று முட்டை கண்டேன். பின்னேரங்களில் நான் வெளிப்பக்கம் போய்வருவதை அவன் கண்டிருக்கிறான். கோயில் வீதியில் மறித்து, "அங்கை என்னத்தைப் பாக்கிறனீர்? எனக்கும் காட்டுமன்" என்றான். ஆறு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. என் விஷயத்தில் அவனுக்கு ஒரு அக்கறை. வாய் திறந்தால் 'வாங்கோ' என்றுதான் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். "ஏன்?" என்றான். பிறகு எல்லாம் சேர்ந்து கொட்டியது. முட்டை, பள்ளம், 412, பொங்கல், பிராந்து, விண். அழுகையும் கூட. மாலைப் பூசைக்குப் போகிற சனம் பார்த்துக்கொண்டு போனது.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: "நீர் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. நான் வேறை வெளி பாத்திருப்பன்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்த ஆறு மாதமும் நான் அவனை ஒரு கூண்டுக்குள் வைத்துக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன், விரும்பிக்கொண்டும் இருந்தேன். அவனுக்கு இரண்டுமே தெரியாது. பறவைகள் எழும்பினபோது அவன் அண்ணாந்து பார்த்தது பட்டத்தை. காற்றைப் படிக்கிறவன் காற்றைத்தான் பார்ப்பான். அங்கே பறவையைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆள் நூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆகவே, சொல்லு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனாக விளங்கிக்கொள்ளட்டும் என்று இருக்காதே. அவனிடம் 'இல்லை' என்று சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல், ஆனால் சுருக்கமாக. என்னைப் போல ஆறு மாதக் கணக்கையும் ஒரே நாளில் கொட்டாதே. இப்படிச் சொல்லலாம்: "முட்டை இருக்கு, உண்மைதான். ஆனா காட்டமாட்டன். நாங்கள் போனா காகமும் வரும். பொரிச்ச பிறகு சொல்லுறன்." பொய் சொல்லாதே. 'முட்டையை நாய் திண்டிட்டுது' என்று சொன்னால் அன்றைக்குத் தப்பலாம், பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு தரவை நிறையப் பொய் வேண்டும்.

சொல்கிற இடம் முக்கியம். வெளியில் வைத்துச் சொல்லாதே, அங்கே உனக்கே கால் அந்தப் பக்கம் இழுக்கும். ரியூசன் வாசலில், சைக்கிள் எடுக்கிற நேரம், இரண்டு நிமிடத்தில் முடிகிற மாதிரிச் சொல். சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குத் தாவாதே. அவன் முகம் என்ன செய்கிறது என்று பார்க்கிற தைரியம் வேண்டும்.

அவன் கோபித்தால்? கோபிக்கலாம். "என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள், முட்டை விஷயத்தில் மட்டும் இல்லை. அதற்கு நான் கண்டுபிடித்த பதில்: "நம்பிக்கை இருக்கு. அது என்ரை வீடில்லை, கூட்டிக்கொண்டு போக." இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அதையே கேட்டு நெருக்கினால் கூட்டைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அவனைப் பற்றி யோசி. என்னிடம் வந்து சொல். அம்மாவிடம் சொன்னால் இன்னும் நல்லது, உன் அம்மா நீ நினைக்கிற அளவுக்கு ஒன்றும் தெரியாதவள் இல்லை. வேலிக்குப் பக்கத்தில் நான் நின்ற நாட்களை அவளும் கண்டவள்தான்.

நெஞ்சு நோகும். அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. மூன்று கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிய எழும்பித் தரவைக்குப் போய், தூரத்தில் குந்தி இருந்துவிட்டு வருவேன். முட்டையில் இரண்டு பொரித்தன, ஒன்று கூழாய்ப் போய்க் கிடந்தது. குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே காலில் எழும்பி ஓடிவிட்டன. பஞ்சு உருண்டைக்கு இரண்டு தீக்குச்சி குத்தினது போல. அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன். பாதி வழியில்தான் நாங்கள் இப்போது கதைப்பதில்லை என்பது ஞாபகம் வந்தது.

அவன் பிறகு ரொறன்ரோ போய்விட்டான், மனைவி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. போக முதல் வந்த தைப்பொங்கலுக்கும் பட்டம் விட்டான், எங்கள் பள்ளத்துக்கு வரவில்லை. வேறு எங்கே விட்டான் என்று நான் கேட்கவில்லை.

ஏற்கெனவே சொல்லிவிட்டாய் என்றால்

இடத்தையே சொல்லிவிட்டாயா? சரி, நடந்தது நடந்தது. அவனிடம் நேரே போய், சொன்னது என் பிழை, தயவு செய்து ஆரையும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ என்று ஒன்றே ஒன்றைக் கேள். கூட்டைச் சுற்றிக் கல் வைக்கிறேன், தடி நடுகிறேன், பலகை எழுதுகிறேன் என்று வெளிக்கிடாதே. காகத்துக்கு அது முகவரி. ஃபோனில் படம் இருந்தால் அழி, அனுப்பிய குழுவில் இருந்தும் அழி.

அவனுடைய சிநேகிதர்கள் கும்பலாக வந்துவிட்டால் மட்டும் ஒரு சின்ன நடிப்புக்கு அனுமதி உண்டு. பொய் வேண்டாம் என்று மேலே எழுதியதை மறக்கவில்லை, அது அவனுக்கு. கும்பலுக்கு உப்புக்கொத்தியின் வழி. "உங்காலை வாங்கோ, அங்கை நிறைய நிக்குது" என்று எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கு. இறகை இழுக்கத் தேவையில்லை, வேகமாக நடந்தால் போதும், பெடியள் பின்னால் வருவார்கள்.

பட்டம் விடுகிறவனாக இருந்தால், விட வேண்டாம் என்று சொல்லாதே, பட்டமும் நம் சொத்துத்தான். பள்ளிக்கூட மைதானம், தண்ணீர் நிற்காத வயல், மணல் கடற்கரை என்று இடம் காட்டு. விண் பூட்டாமல் விடச் சொல்லிப் பார்க்கலாம், வல்வெட்டித்துறைக்காரனிடம் அது நடக்காது. அறுந்த நூலை மட்டும் கட்டாயம் சுருட்டி எடுக்கச் சொல். நைலோன் நூல் காலில் சுற்றிய கொக்கு ஒன்றை அவிழ்க்க முயன்று எனக்கு முகத்தில் கொத்து வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே.

நேற்று இரவு பெறாமகளிடமிருந்து இன்னொரு குரல்செய்தி. ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனார்களாம். தம்பி ஐஸ்கிரீம் கேட்டு அழுதானாம். பவளக்கால் பன்னிரண்டு, கொக்கு எண்ணவில்லை. ரியூசன் வாசலில் வைத்துக் காட்டமாட்டேன் என்று சொன்னாளாம், அவன் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டானாம். அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கடைசியில்: "சித்தி, இண்டைக்குக் கேட்டவன், பொரிச்சிட்டுதோ எண்டு. எங்கை எண்டு கேக்கேல்லை."

பொரித்ததா என்று அவளுக்கும் தெரியாது. வெயில் தணிகிற நேரமாகப் பார்த்து, தூரத்தில் நின்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.